பிரேக் சரியில்லையா? நட்டை முறுக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

பட்டறைக்கு வரும் பைக், ஸ்கூட்டர் பிரேக் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "பிரேக் பிடிக்க மாட்டேங்குது, கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்கண்ணே." டைட் வைப்பது, அதாவது சக்கரத்தருகே உள்ள நட்டை முறுக்குவது, இரண்டு நிமிட வேலை. ஷூ (டிரம்முக்குள் உரசும் பட்டை) தேய்ந்து லிவர் கீழே இறங்கியிருந்தால் செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் டிரம்முக்குள் ஆயில் இறங்கியிருந்தாலும், கேபிள் நார் நாராக அறுந்திருந்தாலும், ஷூ மொத்தமாகத் தீர்ந்திருந்தாலும் அதே நட்டைத்தான் முறுக்குகிறார்கள். அன்றைக்குப் பழுது மறைந்துவிடும். பிறகு ஒரு நாள், வேகத்தில் போகும்போது வெளியே வரும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காசு ஆகாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## முதலில்: ஓட்டவே கூடாத நிலை

இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள். மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம்.

- டிஸ்க் லிவர் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில்பாரைத் தொடுகிறது
- காலிப்பர் (டிஸ்க்கைப் பேட்டால் அழுத்தும் பாகம்), ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் (லிவரை ஒட்டி ஆயில் டப்பா உள்ள பாகம்) எதிலாவது ஆயில் கசிகிறது
- பின் டிரம் தகட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் போல்ட் இல்லை, அல்லது ஆடுகிறது
- பேட் தீர்ந்து இரும்பு இரும்போடு உரசுகிறது

வீட்டில் கை வைப்பதானால் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரம் ஆறிய பிறகு தொடங்குங்கள். டிரம்மைத் திறந்தால் கொட்டும் கருந்தூளை வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊத வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

## டிரம் பிரேக்: லிவர் ரொம்ப தூரம் வருகிறது

### ஆட்டம் கூடியிருக்கலாம்

லிவர் நுனியை விரலால் லேசாக இழுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா வரும் தூரம், முன் லிவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர். பைக்கின் பின் பெடலில் 20 முதல் 30. இதற்கு மேல் போனால் சக்கரத்தின் அருகில் உள்ள நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்குங்கள். நட்டின் பள்ளம் பின்னின் மேல் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் நடுவில் நின்றால், ஓட்டும்போது தானாக உட்கார்ந்து ஆட்டம் மறுபடி கூடும். ஒவ்வொரு முறை முறுக்கிய பின்னும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும்.

### ஷூ தீர்ந்திருக்கலாம்

பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடிக்கச் சொல்லி, டிரம் தகட்டில் உள்ள சின்ன அம்புக்குறியைப் பாருங்கள். தகட்டில் செதுக்கிய கோட்டை அது தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. அம்புக்குறி இல்லாத பழைய வண்டியென்றால், பிரேக் பிடித்திருக்கும்போது கேபிளுக்கும் அது இழுக்கும் கைக்கும் இடையிலான கோணத்தைப் பாருங்கள். 90 டிகிரியைத் தாண்டினால் அதே கதைதான்.

இங்கே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நட்டில் மரை தீர்ந்ததும், கேம் கையை, அதாவது ஷூவை விரிக்கும் கேமைத் திருப்பும் அந்தக் கையை, கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டுவிடுவார்கள். லிவர் மறுபடி மேலே வந்துவிடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் தேய்ந்த ஷூவுக்கு நடுவே கேம் அளவுக்கு மேல் திரும்பி, திரும்பி வர முடியாமல் நின்றுவிட்டால் சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். ஷூ விலை சில நூறு ரூபாய்தான். இந்தத் தந்திரத்தை யார் செய்து கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

### கேபிள்

லிவரின் உள்ளே, கேபிளின் ஈயக் குண்டு உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஒரு நார் பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். மிச்சமும் அவசரமாக அழுத்தும் நேரத்தில்தான் அறும். நார் பிரியவில்லை, ஆனால் இழுக்கக் கரகரவென்று இருக்கிறதென்றால், மேல் முனையைக் கழற்றி எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது லிவர் ஆட்டம் மாறினால், கேபிள் போகும் வழி தவறு.

### டிரம்மே தேய்ந்திருந்தால்

புது ஷூ போட்டும் லிவர் கீழேதான் இருக்கிறதென்றால் டிரம்மின் உள்விட்டத்தை அளக்க வேண்டும். உச்ச அளவு டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம்முக்குப் பொதுவாக 131தான் எல்லை. லேத்தில் கொடுத்துக் கடைவதும் அந்த எல்லைக்குள்தான். தாண்டிவிட்டால் டிரம்மை மாற்ற வேண்டும், ஸ்போக் சக்கரமென்றால் பிரித்துக் கட்ட வேண்டும். அது கைதேர்ந்த ஆளின் வேலை.

## லிவர் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை

இங்கே நட்டை முறுக்குவதால் ஒரு பயனும் இல்லை. லிவர் வேலை செய்கிறது, உரசும் இடத்தில்தான் பிடிப்பு இல்லை.

### வாட்டர் சர்வீஸ் முடிந்து வந்த அன்று

பெரும்பாலும் தண்ணீர்தான். மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பிடித்து விட்டுக் காயவையுங்கள். டிஸ்க் வண்டியில் காய்ந்த பிறகும் வழுக்கினால், பளபளப்புக்கு அடித்த பாலிஷ் ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருக்கும். செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போதும் பின் டிஸ்க்கில் இதுவே நடக்கும். பிரேக் கிளீனரோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ வைத்து டிஸ்க்கைத் துடையுங்கள். பேட் ஆயிலைக் குடித்திருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் ரெண்டு நாள் பிடிக்கும், சூடேறியதும் ஆயில் மறுபடி மேலே வரும்.

### ஸ்கூட்டரின் பின் டிரம் மட்டும்

ஸ்கூட்டரில் பின் சக்கரம் கியர் பெட்டியிலிருந்தே வருகிறது. அங்குள்ள ஆயில் சீல் போனால் கியர் ஆயில் நேராக டிரம்முக்குள் இறங்கும். டிரம் தகட்டின் அடியில் கருப்பாகப் பிசுபிசுப்பு, டயரின் உள் ஓரத்தில் ஆயில் கோடு, இரண்டில் ஒன்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். புது ஷூ போட்டும் சில வாரங்களில் மறுபடி பிரேக் போகிறதென்றால், பழுது ஷூவில் இல்லை, சீலில். சீலோடு ஷூவையும் மாற்றச் சொல்லுங்கள். கியர் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியதாலும் கசியலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கரத்தை இறக்கி சீல் அடிப்பது பட்டறை வேலை.

### முன் டிஸ்க்: ஃபோர்க் ஆயில்

முன் ஷாக்கின் சீல் போய்விட்டால் ஆயில் வழிந்து காலிப்பர் மேல் சொட்டும். ஷாக்கின் பளபளப்பான கம்பியை விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் வளையம் தெரிந்தால் முதலில் சீல், அதன் பிறகு பேட்.

### எதிலும் கறை இல்லை

புதிதாகப் போட்ட பேட், ஷூ என்றால் முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். பழையதென்றால் மேற்பரப்பு கண்ணாடி போல் மின்னுகிறதா பாருங்கள். ஷூவானால் உப்புத்தாளில் அந்த மினுக்கை எடுத்துப் போடலாம். டிரம்மில் லிவர் கெட்டியாக, கனமாகவும் இருந்தால் கேம் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கும். கழற்றித் துடைத்து மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்கள். அள்ளிப் பூசினால் அதுவே ஷூவில் வழியும்.

டூப்ளிகேட் பேட் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அச்சு அசலாக இருக்கும். அதில் மிச்சப்படுத்துவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

## டிஸ்க் பிரேக்: லிவர் பஞ்சு போல் அமுங்குகிறது

லிவரை நாலைந்து முறை வேகமாக அழுத்திப் பாருங்கள். அங்கிருந்து வழி பிரிகிறது.

### அடிக்க அடிக்கக் கெட்டியாகிறது

குழாயில் காற்று இருக்கிறது. முதலில் ஆயில் டப்பாவின் கண்ணாடியைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. பேட்டில் தேய்மானத்துக்கென வெட்டிய பள்ளம் மறைந்திருந்தால் பேட்டைத்தான் மாற்ற வேண்டும். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு.

கசிவு இல்லையென்றால் ஏர் எடுக்க வேண்டும். காலிப்பர் நிப்பிளில் (ஏர் எடுக்கும் திருகில்) உள்ளே தெரியும் கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, மறு முனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். லிவரை அடித்துப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடி, அதன் பிறகே லிவரை விடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை இதேதான். நடுவில் டப்பா காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிக் கொஞ்சம் காற்று வெளியே வர மறுத்தால், லிவரை அழுத்திக் கயிறால் கட்டி இரவு முழுக்க விடுவார்கள். பல சமயம் அது பலிக்கும்.

ஆயில் எது என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4. அதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் ஆயில், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. ஏற்கெனவே திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பதும் வேண்டாம், இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுவது நல்லது. டீ நிறத்துக்கு வந்துவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

### அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது

வெளியே கசிவே இல்லை, ஆனாலும் லிவர் இறங்குகிறதென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. அதற்கான கிட் கிடைக்கும், உள்சுவரில் கோடு விழுந்திருந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். வீட்டில் பிரிக்காதீர்கள்.

### பேட் மாற்றிய உடனே லிவர் காலி

பழுது இல்லை. பிஸ்டனைப் பின்னால் தள்ளியதால் வந்த இடைவெளி. வண்டியை எடுக்கும் முன் லிவர் கெட்டியாகும்வரை அடியுங்கள். இதை மறந்து தெருமுனையில் இடித்தவர்கள் உண்டு. பேட் கையில் இருக்கும்போது, காலிப்பர் காலியாக இருக்கும்போது, குழந்தைகள் யாரும் லிவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வெளியே விழுந்துவிடும்.

## பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருக்கிறது

வண்டி தள்ளக் கனமாக இருக்கும், மைலேஜ் குறையும், சக்கரத்தருகே கருகிய வாடை வரும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள், சுர்ரென்றால் தெரிந்துவிடும்.

டிரம்மில்: டைட் வைத்த மறுநாள் வந்ததென்றால் அதுதான் காரணம், நட்டைத் தளர்த்துங்கள். அப்படி இல்லையென்றால் கேபிள் திரும்பி வரவில்லை, அல்லது கேம் துருப்பிடித்து நிற்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு கேம் கையைக் கையால் திருப்பி விடுங்கள். தானாகத் திரும்பினால் கேபிள், திரும்பாவிட்டால் கேம்.

டிஸ்க்கில்: இறுகி நிற்கும்போதே காலிப்பர் நிப்பிளைத் துளி திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் மேலே மாட்டியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை அடைத்திருக்கலாம், கடையில் வாங்கிப் போட்ட அலங்கார லிவர் பிஸ்டனை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பழைய லிவரை மாட்டிப் பார்ப்பது காசில்லாத சோதனை. திறந்தும் சக்கரம் விடவில்லையென்றால் பழுது காலிப்பரில். அது நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள், வேறு கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அந்தப் பக்கமே போகக்கூடாது. அந்தப் பின்கள் நன்றாக நகர்ந்தும் பேட் ஒட்டியிருந்தால் பிஸ்டன் சீல், அது மெக்கானிக்குக்கு.

## மலை இறங்கும்போது பிரேக் காணாமல் போகிறது

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையில் 40. மேலே ஏறும்வரை எந்தக் குறையும் தெரியாது. இறங்கும்போது பாதி வழியில், டிரம் வண்டியில் லிவர் நீளமாகும், டிஸ்க் வண்டியில் பஞ்சாகும்.

இதற்கு அங்கேயே நட்டை முறுக்குவது ஆபத்து. சூட்டில் விரிந்த டிரம் ஆறியதும் சுருங்கி, முறுக்கிய ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஆறியதும் பழையபடி பிடித்தால் காரணம் பெரும்பாலும் ஓட்டும் விதம். பைக்கில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், வண்டி உருண்டு ஓடும். அதனால் துளி ஆக்ஸிலரேட்டர் இருக்கட்டும். இன்ஜினை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது மலையில் வேண்டாம். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விடுங்கள்.

டிஸ்க் மட்டும் பஞ்சானது என்றால் ஆயிலில் ஈரம் ஏறியிருக்கிறது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு விதிப்படியான கீழ் அளவு 155தான். மலைக்குப் போகும் முன் ஆயில் மாற்றுங்கள்.

## பிரேக் பிடித்தால் வண்டி அலைகிறது

### பின்பக்கம் வழுக்குகிறது

முதலில் காற்று. 110 சிசி ஸ்கூட்டர்களில் முன் 22 psi, பின் 29, பின்னால் ஆள் இருந்தால் பின் சக்கரத்துக்கு 36 என்ற அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கானது ஸ்டிக்கரில் உண்டு. பஞ்சர் கடையில் ரெண்டுக்கும் ஒரே அளவு அடித்து அனுப்புவார்கள், சொல்லி அடியுங்கள். அடுத்து டயர்: தேய்மான மேட்டைத் தொட்டுவிட்டதா, பக்கவாட்டில் வெடித்திருக்கிறதா. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. பட்டை நிறைய இருந்தும் பழைய டயர் கல்லாகி மழையில் வழுக்கும்.

இரண்டும் சரியென்றால் உங்கள் கையைக் கவனியுங்கள். முன் பிரேக் கவிழ்த்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் நம்மிடையே நிறைய. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, முன்னதை மெல்ல மெல்லக் கூட்டிப் பிடித்துப் பழகுங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போதும் மணல்மேலும் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக்கூடாது.

மழைக்காலக் காலையில் முதல் பிரேக் மட்டும் சடக்கென்று பிடித்தால், அது இரவில் டிரம்மில் படிந்த லேசான துரு. கிளம்பியதும் ஒருமுறை மெதுவாகப் பிடித்து விட்டால் போய்விடும்.

### பஞ்சர் ஒட்டிய பிறகு தொடங்கியது

இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. பின் டிரம் தகடு சுற்றாமல் பிடித்திருக்க ஒரு கம்பி, அதன் முனையில் போல்ட், போல்ட்டுக்கு ஒரு கீற்றுப் பின். சக்கரம் மாட்டும் அவசரத்தில் பின்னை விட்டுவிடுவார்கள், சில சமயம் போல்ட்டையே. பிரேக் அழுத்தும்போது தகடு சக்கரத்தோடு சுற்றினால் சக்கரம் பூட்டிவிடும். முன் டிரம் வண்டியில் தகட்டிலுள்ள பள்ளம் ஃபோர்க்கின் மேட்டில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். செயினை இழுத்து வைக்கும் இடத்தில் இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா, அதையும்.

### ஹேண்டில் ஆடுகிறது, டக் டக் என்கிறது

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தளர்வு. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் குழி விழுந்ததுபோல் நின்றால் கோன் செட் தேய்ந்தது, இறுக்கிப் பயனில்லை. பின்பக்கம் ஆடினால் பைக்கில் ஸ்விங் ஆர்ம் புஷ், ஸ்கூட்டரில் இன்ஜினைத் தாங்கும் ஹேங்கர் புஷ். எல்லாமே பட்டறையில்தான். விழுந்த வண்டியென்றால் ஃபோர்க் வளைவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## லிவர் துடிக்கிறது

அவசரமாகப் பிடிக்கும்போது மட்டும், மணலிலோ ஈரத்திலோ துடித்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), விடாமல் பிடியுங்கள். மெதுவாக நிறுத்தும்போதும் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது, அல்லது டிரம் வட்டம் போய்விட்டது. ஸ்போக் டைட் வைத்த பிறகு தொடங்கியதென்றால் ஸ்போக் இழுத்ததில் டிரம் கோணியிருக்கும். டிஸ்க்கைத் தட்டி நிமிர்த்த வேண்டாம். கனத்தை அளந்து, அதில் பொறித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள்.

## ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை

சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைவதுதான் முறை. ஓடும்போதும் எரிந்தால் பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. சக்கரத்தருகே சென்சாரில் சேறு அப்பியிருக்கிறதா, பல் வளையம் நசுங்கியிருக்கிறதா, ஃபியூஸ், பேட்டரி என்ற வரிசையில் பாருங்கள். அதற்கு மேல் ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டர்தான். யூனிட் போயிருந்தால் பல ஆயிரம் ஆகும், வேறு இடத்திலும் ஒருமுறை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

"ஏபிஎஸ் இருந்தும் பின் சக்கரம் தேய்க்குதே" என்று வருபவர்களுக்கு: 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது, ஆனால் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். 125 சிசி வரை உள்ளவற்றில் பெரும்பாலும் சிபிஎஸ். அதில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன்னதும் சேர்ந்து பிடிக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு இடது லிவரை (பைக்கில் பின் பெடலை) மட்டும் அழுத்துங்கள். நிற்கவில்லையென்றால் யாரோ முன் கேபிளைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள், அல்லது இணைப்பு சிக்கியிருக்கிறது.

## சத்தம் மட்டும்

கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் தூசி, துடைத்தால் போகும். கரகரவென்றால் பேட் தீர்ந்திருக்கலாம், உடனே பாருங்கள்.

## பிரேக் விளக்கு

எரியவே இல்லையென்றால் பல்பு, பிறகு லிவரடியில் உள்ள சுவிட்ச். எப்போதும் எரிந்தால் சுவிட்ச் சிக்கியிருக்கும், அல்லது பெடல் திரும்பி வரவில்லை. ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் பேட்டரியைக் கழற்றும் முன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள், மற்ற லிவரைப் பிடித்து அழுத்தினால் எடுக்கிறதா என்று.